இரவல் பெயர்களும் இழக்கும் நினைவும்

ஒரு பெயருக்கு உரியவர் யார்? அதனை முதன்முதல் சூட்டியவரா? அதனைச் சுமந்து வாழ்பவரா? அல்லது அதனை நெஞ்சில் வைத்துப் போற்றுபவரா? இவ்வினா பார்வைக்கு எளிதாகத் தோன்றும். ஆயின், நாம் வணங்கும் பெயர் ஒன்றை நமக்குத் தொடர்பில்லாத ஒருவர் எடுத்துத் தம் கதைப்பாத்திரத்துக்குச் சூட்டும்போது, இவ்வினா நம் வீட்டு வாயிலில் வந்து நிற்கின்றது. அவ்வாறு அது என் பள்ளி வாயிலில் வந்து நின்ற ஒரு நாளைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விழைகின்றேன்.

சிவப்பு மை

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு 'நான் விரும்பும் விளையாட்டு' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தார் வகுப்பாசிரியை. பெரும்பாலோர் காற்பந்து என்றும் பூப்பந்து என்றும் எழுதியிருந்தனர். ஒரு மாணவன் மட்டும் தன் அண்ணன் வீட்டில் விளையாடும் ஒரு கணினி விளையாட்டைப் பற்றி எழுதியிருந்தான். அதில், "சிவா என்பவள் பனிக்கட்டியின் அரசி. அவளை அழைத்தால் பகைவர்கள் எல்லாரும் உறைந்து போவார்கள்" என்றொரு தொடர் காணப்பட்டது. ஆசிரியை திடுக்கிட்டுத் தாளை என்னிடம் கொண்டுவந்தார். நானும் திடுக்கிட்டேன். சிவப்பு மையால் அத்தொடரின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டேன். பின்னர் வகுப்புக்கே சென்று, நாற்பது கண்கள் பார்த்திருக்க, "இதனை உனக்கு யார் கற்பித்தது?" என்று உரத்த குரலில் கேட்டேன்.

"யாரும் கற்பிக்கவில்லை, ஐயா" என்றான் அவன்.

தன்மேல் குற்றமில்லை என்று காட்டுவதற்காகவே அவன் அவ்வாறு கூறினான் என்பது உண்மை. ஆயினும் அன்று மாலை வீடு திரும்பும் வழியெல்லாம் அச்சொற்கள் வேறொரு பொருளில் என் செவியில் ஒலித்துக்கொண்டே இருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் பள்ளியில் தேவாரம் பாடுகின்ற மாணவர்களுள் அவனும் ஒருவன். பண் பிசகாமல் பாடுவான். தான் பாடுவது யாரைப் பற்றி என்பதை அவனுக்கு யார் கற்பித்தார்கள்? யாரும் கற்பிக்கவில்லை. முப்பதாண்டுகளுக்கு மேலாக ஆசிரியப் பணியில் இருக்கும் நானும் கற்பிக்கவில்லை.

விளையாட்டின் உலகம்

கண்டிக்குமுன் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் பயிற்றுவித்தனர். அந்த ஒழுங்கை நான் தலைகீழாக்கிவிட்டேன். ஆகவே கண்டித்தபின்னேனும் கற்போம் என்று கருதி, பல்கலைக்கழகத்தில் பயிலும் என் மகனை அணுகினேன். அவன் அவ்விளையாட்டுத் தொடரை நன்கு அறிந்தவன். பள்ளி விடுமுறை நாள்களில் பல மாலைகள் அவன் அருகில் அமர்ந்து பார்த்தும் கேட்டும் நான் தெரிந்துகொண்டவற்றைச் சுருங்கக் கூறுகின்றேன்.

'ஃபைனல் ஃபேண்டசி' என்பது அத்தொடரின் பெயர். ஜப்பானிய நாட்டு ஸ்குவேர் நிறுவனத்தில் ஹிரோனோபு சகாகுச்சி என்பார் தலைமையில் உருவாகி, 1987-ஆம் ஆண்டு டிசம்பரில் முதல் விளையாட்டு வெளிவந்தது. 2023-இல் பதினாறாவது வெளிவந்துள்ளது. வியப்புக்குரிய செய்தி என்னவெனில், இப்பதினாறும் ஒரே கதையின் தொடர்ச்சியல்ல. ஒவ்வொன்றும் புதிய உலகம், புதிய மாந்தர், புதிய போராட்டம். ஒன்றில் மன்னர்களும் மந்திரவாதிகளும் வாழ்வர். மற்றொன்றில் இரும்பாலான பெருநகரம் புகை கக்கிக்கொண்டிருக்கும். அவ்வாறாயின் இவையனைத்தையும் ஒரு குடும்பமாக இணைப்பது எது?

திரும்பத் திரும்ப வரும் சில அடையாளங்களே அவற்றை இணைக்கின்றன. உலகின் ஆற்றல்களைத் தாங்கும் பளிங்குகள் பலவற்றில் வருகின்றன. குதிரைக்கு மாற்றாக மனிதர் ஏறிச் செல்லும் 'சோகோபோ' என்னும் பெரும்பறவை 1988-இல் வெளிவந்த இரண்டாம் விளையாட்டில் தோன்றியது. வெண்மயிர் உடலும் தலைமேல் ஆடும் சிறு உருண்டையும் கொண்ட 'மூகுள்' என்னும் சிற்றுயிர் 1990-இல் மூன்றாவதில் தோன்றியது. 'சிட்' என்னும் பெயருடைய ஒருவன் இரண்டாவது முதற்கொண்டு வந்தவண்ணம் உள்ளான். பெரும்பாலும் வானூர்தியோடு தொடர்புடையவனாக இருப்பான். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு ஆள். நம் தெருக்கூத்தில் எந்தக் கதையானாலும் கட்டியங்காரன் வந்து நிற்கின்றானல்லவா? அவனைக் கண்டதும் அவையோர் முகம் மலர்வது போலவே, சோகோபோவைக் கண்டதும் விளையாடுவோர் முகம் மலர்கின்றது. புதுமையின் நடுவே பழைய முகம் ஒன்றைக் காணும் மகிழ்ச்சி மனித இயல்பு.

இவ்வாறு மீண்டும் மீண்டும் வருவனவற்றுள் மிக முக்கியமானவை, அழைத்தால் வந்து துணைபுரியும் பேருருக்கள். இங்கேதான் நம் வினா பிறக்கின்றது. இப்பேருருக்களின் பெயர்கள் உலகின் பல சமயங்களிலிருந்தும் பழங்கதைகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. தீயின் உரு இஃப்ரித். இச்சொல் திருக்குர்ஆனில் சுலைமான் நபியின் அவையில் இருந்த ஜின் ஒருவனைக் குறிக்க வருகின்றது. நீரின் உரு லிவியாதான். யூதர்களின் மறைநூலில் வரும் கடற்பெருவிலங்கு. வாளேந்திக் குதிரைமேல் வருபவன் ஓடின், வடஐரோப்பியரின் முதற்கடவுள். அரபியர் பழங்கதையில் உலகைத் தாங்கும் பெருமீனாகிய பஹாமுத், இங்கே டிராகன்களின் வேந்தனாக வருகின்றது. பனியின் உரு சிவா. நீல மேனியுடைய பெண். 1990-இல் மூன்றாம் விளையாட்டில் தோன்றிய அவள், அதன்பின் பெரும்பாலான விளையாட்டுகளில் இடம்பெற்றுள்ளாள். 2006-இல் வந்த பன்னிரண்டாவதில் அப்பெயர் ஒரு போர் வானூர்திக்குச் சூட்டப்பட்டது. 2009-இல் வந்த பதின்மூன்றாவதில் உடன்பிறந்த பெண்கள் இருவருக்கு அது பொதுப்பெயராயிற்று. அவ்விருவரும் இணைந்து ஒரு மோட்டார் சைக்கிளாகவும் மாறுவர்!

இதனைக் கேட்ட என் மகன் முகத்தில் புன்னகை; என் முகத்தில் அது இல்லை.

இரவல் என்பது புதிதன்று

சினம் தணிந்தபின் ஆராயத் தொடங்கினேன். பிறர் தெய்வத்தின் பெயரை எடுப்பது தவறு என்று ஒரே வரியில் தீர்ப்பளிக்கலாம். ஆனால் அத்தீர்ப்பு முதலில் யாரைத் தாக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜப்பானியர் நம் நாட்டுத் தெய்வப் பெயர்களை அறிந்தது நேற்றன்று. பௌத்தத்தின் வழியே நூற்றாண்டுகளுக்கு முன்பே அவை அங்குச் சென்றுவிட்டன. சரசுவதி அங்கே பென்சாய்தென் ஆனாள். வீணை 'பிவா' என்னும் யாழ்வகைக் கருவியாக மாறியது. திருமகள் கிச்சோதென் ஆனாள். சிவனின் உக்கிர வடிவமாகிய மகாகாளர் அங்கே தைகோக்குதென் ஆகி, நெல்மூட்டைகளின் மேல் நின்று சிரிக்கும் செல்வத் தெய்வமாகிவிட்டார். சுடலையோடு தொடர்புடைய வடிவம் அங்கே சமையலறையின் காவலாயிற்று! நாரா நகரில் கோபுக்குஜி கோவிலில் 734-ஆம் ஆண்டைச் சேர்ந்த அசுரர் சிலை ஒன்று உள்ளது. மூன்று முகமும் ஆறு கைகளும் கொண்ட அவ்வுருவின் முகத்தில் சினம் இல்லை. இளைஞன் ஒருவனின் துயரமே உள்ளது. நம் புராணங்களில் தேவர்க்குப் பகைவராகிய அசுரர் அங்கே புத்தரின் காவலராகிவிட்டனர். நான்காம் ஃபைனல் ஃபேண்டசியில் பேருருக்களின் அரசியாக வருபவள் பெயர் அசுரா. அவளுக்கும் மூன்று முகங்கள்.

அவ்வளவு தொலைவு போவானேன்? நாம் வாழும் இம்மலேசிய மண்ணைப் பார்ப்போம். நம் மலாய் உடன்பிறப்புகள் நோன்பை 'புவாசா' என்கின்றனர். அது 'உபவாசம்' என்பதன் திரிபு. விண்ணுலகை 'ஷுர்கா' என்கின்றனர், அது 'சுவர்க்கம்'. நரகத்தை 'நெராகா' என்கின்றனர். இஸ்லாத்தின் உயிர்நாடியான கருத்துகளை உணர்த்த இச்சொற்கள் நாள்தோறும் பயன்படுகின்றன. கிளந்தான் நிழற்கூத்தில் ஸ்ரீ ராமா வருகின்றார், சீதையும் வருகின்றாள், உடன் வரும் கோமாளிகள் மட்டும் கிளந்தானின் மைந்தர்கள். இதனால் நாம் எதனையேனும் இழந்தோமா? இழக்கவில்லை, பெருமையே அடைந்துள்ளோம். வடமொழிக் காவியத்தைக் கம்பர் தமிழாக்கியபோது அவரும் பலவற்றை மாற்றினார். அம்மாற்றத்தை நாம் குற்றமென்று கொள்ளவில்லை. கவிப்பேரரசின் உரிமை என்று போற்றுகின்றோம்.

ஆகவே எடுப்பதும் மாற்றுவதும் தம்மளவில் குற்றமாகா. பண்பாடுகள் வளர்ந்ததே இவ்வாறுதான்.

எது பிழை?

அங்ஙனமாயின் எதனையும் எவ்வாறும் எடுக்கலாமா எனின், அதுவும் முறையன்று. 2012-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் உருவான 'ஸ்மைட்' என்னும் விளையாட்டில் காளியைச் சித்திரித்த முறையை இந்து சமயத்தவர் சிலர் கண்டித்தனர். அவர்கள் மனம் புண்பட்டதை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. வணக்கத்துக்குரிய வடிவத்தைக் காசுக்காக ஆடையவிழ்த்து நிறுத்தினால், வணங்குவோர் வருந்தவே செய்வர். இரவல் வாங்குவோருக்கும் ஒழுக்கம் உண்டு. இழிவுபடுத்தும் நோக்கம் இருத்தலாகாது. உரியவர் வருந்திக் கூறும்போது செவிமடுக்கும் பணிவு இருத்தல் வேண்டும்.

இங்கு மற்றொரு வினாவும் எழுகின்றது. ஐந்தாம் ஃபைனல் ஃபேண்டசியில், 1992-இல், கில்காமேஷ் என்றொரு வீரன் தோன்றினான். படைக்கலங்களைத் தேடித் திரிபவன். வீறாப்புப் பேசிப் பின் ஓடிவிடுபவன். காண்போர் சிரிக்கும் கோமாளி. ஆனால் கில்காமேஷ் என்பது உருக் நகரை ஆண்ட அரசனின் பெயர். உலகின் மிகப் பழைய காவியங்களுள் ஒன்றின் தலைவன். நண்பனை இழந்து, சாவாமையைத் தேடி அலைந்து, வெறுங்கையோடு திரும்பியவன். அவனைக் கோமாளியாக்கியதற்கு எவரும் வழக்குத் தொடுக்கவில்லை. ஏன்? அவனைப் போற்றிய மக்கள் இன்று இல்லை. அப்படியாயின், வாதாட ஆள் உள்ள பெயருக்கு மட்டுந்தான் மதிப்பா? கூட்டமும் குரலும் உள்ளவர்க்கு ஒரு நீதி, மறைந்துபோனவர்க்கு ஒரு நீதியா?

இவ்வினாவை என் மகனிடம் கேட்டேன். அவன் சற்று எண்ணிவிட்டு, "அப்பா, இந்த விளையாட்டு இல்லையென்றால் கில்காமேஷ் என்ற பெயரையே நான் கேள்விப்பட்டிருக்க மாட்டேன். சிரித்துவிட்டுத்தான் அந்தப் பழைய காவியத்தைத் தேடிப் படித்தேன்" என்றான். நான் வாயடைத்துப் போனேன். கோமாளி வாயிற்காவலனாக நின்று அவனை அரசனிடம் அழைத்துச் சென்றிருக்கின்றான்.

ஒரு பெயரின் கதி, அது எவ்வாறு எடுக்கப்படுகின்றது என்பதில் பாதி. எடுக்கப்பட்ட பெயரைக் கேட்டவன் அடுத்து எங்கே செல்கின்றான் என்பதில் மறுபாதி. அம்மறுபாதியில் படைப்பாளனுக்குப் பங்கு குறைவு; பெற்றோர்க்கும் ஆசிரியர்க்குமே பங்கு மிகுதி.

நினைவை இழந்த நண்பர்கள்

இதனை நான் என் சொந்த அறிவால் கண்டேன் என்று கூறமாட்டேன். அவ்விளையாட்டுத் தொடரே எனக்கு உணர்த்தியது.

1999-இல் வெளிவந்த எட்டாம் ஃபைனல் ஃபேண்டசியில், இளம்போர்வீரர் சிலர் இப்பேருருக்களின் ஆற்றலை இரவலாகப் பெற்றுப் போரிடுகின்றனர். தொடக்கத்திலேயே கதைத்தலைவன் கைக்கு வருபவற்றுள் சிவாவும் ஒன்று. கருவியைப் பூட்டுவது போல அதனைத் தம்மோடு பூட்டிக்கொள்கின்றனர். வெற்றிமேல் வெற்றி வருகின்றது. ஆனால் அதற்கொரு விலை இருக்கின்றது. இரவல் ஆற்றலைப் பயன்படுத்தப் பயன்படுத்த அவர்களின் பழைய நினைவுகள் மங்கி மறைகின்றன. தாங்கள் எல்லாரும் ஒரே அனாதை இல்லத்தில் ஒருத்தியின் கையால் உண்டு வளர்ந்தவர்கள் என்பதையே மறந்துவிட்டனர். அவர்களுள் ஒருவன் மட்டும் நினைவு வைத்திருக்கின்றான். அவன் அவ்வாற்றலை அதுவரை பயன்படுத்தாதவன். அவன் எடுத்துச் சொன்ன பின்னரே மற்றவர்க்கு ஒவ்வொன்றாக நினைவு திரும்புகின்றது. அக்காட்சியை என் மகன் காட்டியபோது, தாளில் நான் போட்ட சிவப்புக் கோடு என் கண்முன் வந்தது.

2001-இல் வெளிவந்த பத்தாம் விளையாட்டில் நிலை வேறு. அங்கே யூனா என்னும் இளம்பெண் கோவில் கோவிலாக யாத்திரை செல்கின்றாள். ஒவ்வொரு பேருருவின் பின்னாலும், உலகைக் காக்கத் தன்னைத் தந்துவிட்ட ஒரு மனித உயிர் உறங்குகின்றது. யூனா அதன்முன் மண்டியிட்டு, மெய்வருந்த இறைஞ்சிய பின்னரே அவ்வாற்றலைப் பெறுகின்றாள். பனி சூழ்ந்த கோவிலொன்றில் சிவாவையும் அவ்வாறே பெறுகின்றாள். எந்த உயிரிடமிருந்து பெற்றோம் என்பதை அவள் மறப்பதில்லை.

ஒரே தொடர், ஒரே பெயர், இரவல் பெறும் முறைகள் இரண்டு. ஒன்று கருவியாகப் பூட்டிக்கொண்டு மறப்பது. மற்றொன்று வணங்கிப் பெற்று நினைவில் வைப்பது. இவ்விரண்டும் விளையாட்டில் மட்டுமா உள்ளன? நம் பிள்ளைகளுக்குத் தேவாரத்தைப் போட்டிப் பரிசுக்குரிய கருவியாகப் பூட்டிவிட்டோம். திருக்குறளைத் தேர்வுப் புள்ளிக்குரிய கருவியாகப் பூட்டிவிட்டோம். இரண்டும் நம் சொத்துதான். ஆயினும் இரவல் பொருளைப் போலவே பயன்படுத்தி, இரவல் பெற்றவனைப் போலவே மறந்தும்விட்டோம். தன் வீட்டுப் பெயரை ஒரு பிள்ளை முதன்முதலாகக் கருத்தோடு கேட்டது அயலவர் கதையில் என்றால், அந்த அயலவரை நோவதற்குமுன் நம்மை நாம் நோக்க வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நன்று. சிவனுக்கு ஒரு பாகம் பெண்ணாயிற்றே, கயிலை பனிமலையாயிற்றே, ஆகவே அவ்விளையாட்டு சரியே என்று சமாதானம் கூறுவோரும் உளர். அது படைத்தவர் கருத்தாக இருந்தது என்பதற்கு நான் சான்று கண்டிலேன். பிறர் எழுதியதற்கு நம் விருப்பப்படி பொருள் கூறி மகிழ்வது, சிவப்பு மையால் அடிப்பதைப் போன்றே எளிய வழி. பனியரசி பனியரசிதான், நம் பெருமான் நம் பெருமான்தான். இரண்டையும் குழப்பாமல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியைக் காட்டுவதே ஆசிரியன் கடன்.

நம் கடன்

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அம்மாணவனை அழைத்தேன். அஞ்சி அஞ்சி வந்தான். அத்தாளை எடுத்து வைத்து, "வகுப்பில் உன்னை நான் கடிந்தது தவறு" என்றேன். தலைமையாசிரியன் ஒருவன் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இவ்வாறு கூறுவது எளிதன்று. அவன் நம்பாமல் விழித்தான். "அந்தப் பனியரசியைப் பற்றி எனக்கு முழுமையாகச் சொல். பிறகு அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றி நான் உனக்குச் சொல்கின்றேன்" என்றேன்.

அவன் சொன்னான். தயங்கித் தொடங்கியவன் பின்னர்க் கையை வீசி வீசிச் சொன்னான். அடுத்து என் முறை. ஆலகால நஞ்சை உண்ட கதையைச் சொன்னேன். தானே எல்லாவற்றையும் உறையச் செய்யவல்லவர், பிறர் உய்ய வேண்டி நஞ்சைத் தம் மிடற்றில் உறையச் செய்த கதை அது. அவன் கேட்ட வினாக்களுள் இரண்டுக்கு எனக்கு விடை தெரியவில்லை. நூலகத்துக்குச் சென்று தேடிய பின்னரே கூற முடிந்தது.

கட்டுரையை மீண்டும் எழுதித் தருமாறு நான் கேட்கவில்லை. அவனே எழுதித் தந்தான். பனியரசி பற்றிய தொடரை அவன் நீக்கவில்லை. அதன்கீழ் ஒரு தொடரைச் சேர்த்திருந்தான்: "இந்தப் பெயர் என் பாட்டி காலையில் திருநீறு பூசும்போது சொல்லும் பெயர். அது அந்த விளையாட்டுக்கு முன்பே எங்கள் வீட்டில் இருந்தது."

அத்தாளில் நான் கோடு எதுவும் போடவில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோர்க்கும் நான் பணிவோடு கூற விரும்புவது இதுவே. நம் பெயர்கள் இனியும் உலகெங்கும் செல்லும். சிலர் போற்றி எடுப்பர். சிலர் விளையாட்டாக எடுப்பர். சிலர் பிழையாகவும் எடுப்பர். இழிவு செய்வாரைக் கண்டிக்கும் உரிமை நமக்கு உண்டு. அதனை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கண்டனத்தால் மட்டும் ஒரு பெயர் வாழாது. உருக் நகரத்து அரசனின் பெயரை அயலார் எடுத்ததால் அவன் மக்கள் மறைந்தார்களல்லர். ஒரு பெயரைப் பிள்ளைக்கு எடுத்துரைக்கும் கடைசி வாய் மூடும் நாளில்தான் அப்பெயர் அனாதையாகின்றது. "யாரும் கற்பிக்கவில்லை, ஐயா" என்னும் விடையை நம் பிள்ளைகள் இன்னொரு முறை கூறாவண்ணம் காப்பது நம் கையில் உள்ளது.